பாப்பாவைத் தொடப் பயந்தபோது எனக்குச் சொல்லப்பட்ட காரணங்கள்

வீட்டில் ஒருவர் திடீரென்று வழக்கத்துக்கு மாறாக நடக்க ஆரம்பித்தால் எல்லோரும் முதலில் காரணத்தைத்தான் தேடுகிறார்கள். வைத்தியம் எல்லாம் அப்புறம். தலைப்பிரசவத்துக்குப் பிறகு, என் குழந்தைக்கு நானே கெடுதல் செய்துவிடுவேனோ என்ற பயம் பிடித்து எனக்கு அப்படி ஆனபோது அம்மா, "பச்சை உடம்புல காத்து கருப்பு பட்டிருக்கும்" என்றார். மாமியார் திருஷ்டி என்றார். முதலில் பார்த்த டாக்டர் ஹார்மோன் என்றார். எம்.எஸ்சி. சைக்காலஜி படித்துக்கொண்டிருந்த சித்தப்பா மகன், ஆழ்மனதில் குழந்தை மேல் கோபம் இருக்கலாம் என்றான். கடைசியாகப் பார்த்த உளவியலாளர் ஒரு நோட்டில் வட்டம் போட்டுக் காட்டினார்.

எல்லோரும் என் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார்கள். ஆனால் காரணம் என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் அது சும்மா இருப்பதில்லை. கேட்டவர் அதற்கேற்ப நடக்க ஆரம்பித்துவிடுகிறார். திருஷ்டி என்றால் சுற்றிப் போடுகிறோம். ஆழ்மன வெறுப்பு என்றால் நம்மையே சந்தேகப்படுகிறோம். உளவியல் சொல்லும் காரணங்களையும் நான் அப்படித்தான் எடைபோடக் கற்றுக்கொண்டேன். இதை நம்பினால் நாளைக் காலையில் நான் என்ன செய்வேன்? இதே அவஸ்தையில் இருக்கும் தாய்மார்கள் நிறையப் பேர் வாய் திறப்பதே இல்லை. அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

தலைப்பிரசவத்துக்குக் கும்பகோணத்தில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். பாப்பா பிறந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. கூடத்தில் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள். படுத்தே கிடந்து அலுத்துப்போய், அம்மா வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் அரிவாள்மணை முன் உட்கார்ந்து வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கறை பிடிக்காமல் இருக்க விரலில் நல்லெண்ணெய் தடவியிருந்தேன். தூளி லேசாக அசைந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அந்த நொடியில், இந்த அரிவாள்மணையால் பாப்பாவை நான் ஏதாவது செய்துவிட்டால் என்று ஓர் எண்ணம். எண்ணம் மட்டுமில்லை, காட்சியாகவே வந்தது.

கை நடுங்கி, வாழைக்காயை அப்படியே போட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றேன். தவமிருந்து பெற்ற குழந்தை அவள். அவள் தும்மினாலே எனக்கு நெஞ்சு பதறும். எனக்கு எப்படி இப்படி ஒரு நினைப்பு வரலாம்?

அன்று முதல் வாழ்க்கை அந்த நினைப்பைச் சுற்றியே ஓடியது. அரிவாள்மணையைப் பரணில் போடச் சொன்னேன். "வழுக்கி விழுந்துடுவேனோன்னு பயமா இருக்கு" என்று காரணம் சொன்னேன். கத்தி, கத்தரிக்கோல், தையல் ஊசி என்று ஒவ்வொன்றாகக் கண்ணில் படாமல் போயின. பாப்பாவோடு தனியாக இருக்க மாட்டேன். பால் கொடுக்கும்போதுகூட அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும். எண்ணம் வந்த உடனே மனசுக்குள் "முருகா" என்று ஆறு முறை சொல்வேன். நடுவில் கவனம் சிதறினால் முதலிலிருந்து. இரவில் எழுந்து எழுந்து பாப்பாவின் மூக்கின் கீழே விரல் வைத்துப் பார்ப்பேன். திருச்சியில் இருந்த கணவருக்குப் போன் செய்து, "நான் நல்லவதானேங்க? என்னால யாருக்கும் கெடுதல் வராதுல்ல?" என்று கேட்பேன். அவர் "என்ன இப்படிக் கேக்கற, உன்னைப் போய்..." என்பார். கொஞ்ச நேரம் நிம்மதி. மறுபடி போன்.

அம்மாவும் மாமியாரும் சொன்ன காரணங்களை நான் இளக்காரமாகப் பார்க்கவில்லை. மிளகாய், உப்பு சுற்றிப் போட்டார்கள். மந்திரித்த கயிறு கட்டினார்கள். திருச்சிக்குப் போனபோது குணசீலம் பெருமாளிடமும் கூட்டிப்போனார்கள். மனநலம் பாதித்தவர்கள் 48 நாள் தங்கி வழிபடுவது அங்கே வழக்கம். சந்நிதியில் நின்றபோது மனசு அமைதியாகத்தான் இருந்தது. அந்த விளக்கங்களில் ஒரு நல்லதும் உண்டு. தப்பு என்மேல் இல்லை, வெளியிலிருந்து வந்த ஒன்று என்னைப் பிடித்திருக்கிறது என்று சொல்லின. யாரும் என்னைக் கெட்டவள் என்று சொல்லவில்லை. ஆனால் வந்தது போகும்வரை காத்திருப்பதைத் தவிர நான் செய்ய எதுவும் மிச்சமில்லை. கயிறு அவிழ்ந்துவிட்டால் என்ன ஆகும் என்று புதிதாக ஒரு பயமும் சேர்ந்துகொண்டது.

முதலில் பார்த்த டாக்டரிடம் பாதிதான் சொன்னேன். அவர் ஹார்மோன் மாற்றம் என்று சொல்லித் தூக்கத்துக்கு மாத்திரை எழுதினார். கிளம்பும்போது அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "கொஞ்ச நாளைக்குக் குழந்தையை இவங்ககிட்டத் தனியா விடாதீங்க" என்றார். கதவுக்கு இந்தப் பக்கம் அது என் காதில் விழுந்தது. எனக்கிருந்த பயத்துக்கு முத்திரை குத்தியது மாதிரி ஆகிவிட்டது. என்னிடம் நாலு கேள்வி கூடுதலாகக் கேட்டிருந்தால் அவருக்கே வேறு மாதிரி தெரிந்திருக்கும் என்று இப்போதும் எனக்கு வருத்தம் உண்டு.

ஹார்மோன் என்று சொன்னது பொய்யில்லை. பிரசவத்துக்குப் பின் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் அளவுகள் சட்டென்று இறங்குகின்றன, தூக்கம் கெடுகிறது. குடும்பத்தில் ஏற்கெனவே யாருக்காவது இந்த மாதிரிக் கோளாறு இருந்தால் வாய்ப்பு கூடும். என் அப்பாவின் அக்கா ஒரு குடம் தண்ணீரில் கால் கழுவி, திரும்பவும் கழுவி, வாசற்படி தாண்ட அரை மணி நேரம் ஆக்குவார். ஆசாரம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆனால் ஹார்மோன் எல்லாத் தாய்மார்களுக்கும் இறங்குகிறது. எனக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

மிகவும் காயப்படுத்தியது சித்தப்பா மகன் சொன்னதுதான். அவன் நல்லவன், படித்ததைத்தான் சொன்னான். வியன்னா மருத்துவர் சிக்மண்ட் ஃபிராய்டு 1909-ல் தன்னிடம் சிகிச்சைக்கு வந்த ஓர் இளைஞரின் கதையை எழுதினார். உளவியல் படிப்பவர்கள் அவரை 'எலி மனிதன்' என்று குறிப்பிடுவார்கள். தன் தந்தைக்கும் தான் நேசித்த பெண்ணுக்கும் எலிகளை வைத்துச் செய்யும் பயங்கரமான தண்டனை ஒன்று நேர்ந்துவிடுமோ என்ற எண்ணம் அவரை ஆட்டிவைத்தது. அந்த அன்புக்கு அடியில் ஒளிந்திருக்கும் பகைதான் இப்படித் தலைகாட்டுகிறது என்பது ஃபிராய்டின் விளக்கம். அப்படியானால் எனக்கும் உள்ளே பகை இருக்கிறதா? அன்று இரவு முழுக்க நான் என் மனசைத் தோண்டிக்கொண்டே இருந்தேன். பாப்பா அழுதபோது எப்போதாவது எரிச்சல் வந்ததா? வந்தது. பெண் குழந்தை என்று தெரிந்தபோது மாமியார் முகம் வாடியதில் எனக்கும் ஒரு நொடி ஏமாற்றம் இருந்ததா? இருந்திருக்கலாம். ஆக, நான் கொலைகாரிதான் என்று முடிவுக்கு வந்தேன்.

ஃபிராய்டைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. மனக்கோளாறு சாபமோ மூளை அழுகலோ இல்லை, அதற்கு ஒரு வாழ்க்கைக் கதை இருக்கிறது, நோயாளி பேசுவதை உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று மருத்துவத்துக்குச் சொன்ன பெரிய மனிதர். ஆனால் இந்த நோயில் அந்த விளக்கம் நேர்மாறாக வேலை செய்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று சந்தேகப்படுவதுதான் இந்த நோயே. இன்னும் தோண்டு என்று சொன்னால் அதற்குத் தீனி போட்ட மாதிரி. இன்று இதற்கான முதல்நிலை சிகிச்சைகளில், ஆழ்மனதைத் தோண்டிப் பார்க்கும் ஃபிராய்டின் உளப்பகுப்பாய்வு முறை இல்லை.

நான் குளிக்காமல், சாப்பிடாமல் இருப்பதைப் பார்த்துக் கணவர் விடுப்பு எடுத்து வந்தார். திருச்சியில் ஒரு மனநல மருத்துவரிடம் போனோம். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஓசிடி என்கிற எண்ணச் சுழற்சி நோய் என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஓசிடி என்றால் கை கழுவிக்கொண்டே இருப்பது என்று நினைத்திருந்தேன். அவர் மருந்தோடு சேர்த்து மருத்துவ உளவியலாளர் ஒருவரிடம் அனுப்பினார். அந்த மேடம் கேட்ட முதல் கேள்வி இன்றும் நினைவிருக்கிறது. "இந்த எண்ணம் வரும்போது உங்களுக்கு எப்படி இருக்கு? பிடிச்சிருக்கா, பயமா இருக்கா?"

"செத்துப் போயிடலாம்னு இருக்கு மேடம்" என்றேன். அதை அவர் கடந்துபோகவில்லை. தற்கொலை எண்ணம் இருக்கிறதா, ஏதாவது திட்டம் உண்டா என்று நேராகவே கேட்டார். அப்படித் திட்டம் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அந்த எண்ணம் வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று கணவர் முன்னால் பேசி முடிவு செய்த பிறகுதான் மேலே போனார்.

அப்புறம் ஓர் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். 1978-ல் லண்டனில் ஸ்டான்லி ராக்மன், பத்மல் டி சில்வா என்ற இரண்டு உளவியலாளர்கள், எந்த மனநோயும் இல்லாத சாதாரண மனிதர்களிடம், வேண்டாத கெட்ட எண்ணங்கள் உங்களுக்கு வருமா என்று கேட்டார்கள். பத்தில் எட்டுப் பேர் ஆமாம் என்றார்கள். நோயாளிகளின் எண்ணங்களையும் இவர்களுடைய எண்ணங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உள்ளடக்கத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. டி சில்வா இலங்கைக்காரர். வேண்டாத எண்ணங்களைக் கையாளப் பழைய பௌத்த நூல்கள் சொல்லும் வழிகளை இன்றைய சிகிச்சையோடு ஒப்பிட்டும் எழுதியிருக்கிறார். நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் இதைக் கண்டுபிடித்திருக்கிறார் என்பதில் எனக்கு ஏனோ ஒரு ஆறுதல். 2014-ல் 13 நாடுகளில் 777 மாணவர்களிடம் திரும்பக் கேட்டபோது 94 சதவீதம் பேர், கடந்த மூன்று மாதத்துக்குள் இப்படி ஓர் எண்ணமாவது வந்தது என்று சொன்னார்கள்.

"தாய்மார்கள்கிட்டயும் கேட்டிருக்காங்க" என்றார் மேடம். கனடாவில் நிக்கோல் ஃபேர்பிரதர் என்ற ஆய்வாளர், குழந்தை பெற்ற பெண்களிடம் கேட்டபோது, குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற எண்ணம் எல்லோருக்குமே வந்திருந்தது. தானே குழந்தைக்குக் கெடுதல் செய்துவிடுவதாக வரும் வேண்டாத எண்ணம் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வந்திருந்தது.

நான் மறுபடி மறுபடி கேட்டேன். பாதிப் பேருக்கா? நிஜமாகவா? அந்த அறையில்தான் பல வாரங்களுக்குப் பிறகு முதல் முறையாக அழுதேன். அதற்குமுன் பயத்தில் அழுகைகூட வரவில்லை.

அப்படியானால் அவர்களுக்கெல்லாம் வந்த எண்ணம் போய்விட்டது, எனக்கு ஏன் ஒட்டிக்கொண்டது? இந்த இடத்தில்தான் மேடம் நோட்டை எடுத்தார். பக்கத்தை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் 'எப்படி ஆரம்பித்தது', இன்னொரு பக்கம் 'எப்படி நிற்காமல் ஓடுகிறது' என்று எழுதினார். இரண்டும் வேறு வேறு கேள்வி என்றார். நாங்கள் எல்லோரும் முதல் கேள்வியையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தோம்.

முதல் பக்கம் சீக்கிரம் நிரம்பியது. அத்தையிடமும் தெரிந்த, அப்பா வழிப் பரம்பரைச் சாய்வு. பிரசவம், ஹார்மோன், தூக்கமின்மை. மூத்த பெண்ணாக வளர்ந்ததில், தம்பி விழுந்தால்கூட "நீ என்ன பாத்துக்கிட்டு இருந்தே?" என்று கேட்கப்பட்டது. தப்பாக நினைத்தாலே பாவம் என்று பாட்டி சொல்லிக் கேட்டது. இதில் எதுவும் தனியாக நோயை உண்டாக்காது, எல்லாம் ஒரே நேரத்தில் கூடிவந்தது என்றார். இதில் பெரும்பாலானவற்றை இனி மாற்றவும் முடியாது. அதனால் அந்தப் பக்கத்தில் அதிகம் நேரம் செலவழிக்கவில்லை.

இரண்டாவது பக்கத்தில்தான் வட்டம் வரைந்தார். எண்ணம் வருகிறது. அது வெறும் எண்ணம், மனசின் இரைச்சல். ஆனால் நான் அதற்கு ஓர் அர்த்தம் கொடுக்கிறேன்: 'இப்படி நினைக்கிறவள் செய்யவும் செய்வாள்.' 'இது நடக்காமல் தடுக்க வேண்டிய முழுப் பொறுப்பும் எனக்குத்தான்.' பால் சால்கோவ்ஸ்கிஸ் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1985-ல் எழுதியது இதைத்தான். ஊதிப் பெரிதான பொறுப்புணர்வுதான் சாதாரண எண்ணத்தை நோயாக மாற்றுகிறது என்றார் அவர். அந்த அர்த்தம் பயத்தைக் கிளப்புகிறது. பயம் தாங்காமல் நான் கத்தியை ஒளிக்கிறேன், முருகா சொல்கிறேன், போன் செய்கிறேன். உடனே பயம் இறங்குகிறது. மனசு என்ன கற்றுக்கொள்கிறது? 'கத்தியை ஒளித்ததால்தான் பாப்பா பிழைத்தாள்.' அடுத்த முறை எண்ணம் இன்னும் பலமாக வருகிறது.

இந்தக் கடைசித் துண்டு இன்னும் பழையது. 1940களில் ஓ. ஹோபார்ட் மௌரர் என்ற அமெரிக்கர் சொன்னது. பயம் ஒரு பொருளோடு முடிச்சுப் போட்டுக்கொள்வது முதல் கட்டம். அந்தப் பொருளிடமிருந்து விலகும்போது கிடைக்கும் நிம்மதியே, விலகும் பழக்கத்துக்குக் கூலியாகி அதை வளர்ப்பது இரண்டாவது கட்டம். ஆக, அரிவாள்மணையோடு என் பயம் முடிச்சுப் போட்டது ஒரு நொடியில். அதை அவிழவிடாமல் காப்பாற்றியது நான் தினமும் தேடிக்கொண்ட நிம்மதி.

எண்ணத்தை வரவிடாமல் அடக்கிப் பார்த்ததும் அதே வட்டத்தில்தான் சேர்கிறது. குரங்கை நினைத்துக்கொண்டு மருந்து குடிக்காதே என்று நம் ஊரில் சொல்வார்கள். சொன்ன பிறகு குரங்கு வராமல் மருந்து குடிக்க யாரால் முடியும்? அமெரிக்காவில் டேனியல் வெக்னர் 1987-ல் கிட்டத்தட்ட இதையே சோதித்தார். ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைப்பு வந்தால் மணியடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடக்கிய பிறகு நினைக்கலாம் என்று விட்டபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட இவர்களுக்கு அதிகமாக வந்தது.

இந்த விளக்கத்தை நான் ஏன் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டேன் என்றால், அது எனக்கு வேலை கொடுத்தது. மற்ற விளக்கங்கள் நான் யார் என்று தீர்ப்புச் சொல்லின. இது நான் என்ன செய்கிறேன் என்று காட்டியது. செய்வதை மாற்ற முடியும்.

சிகிச்சைக்குப் பெயர் ஈஆர்பி. பயப்படும் ஒன்றை நேராகச் சந்திப்பது, ஆனால் வழக்கமான தப்பிக்கும் சடங்கைச் செய்யாமல் இருப்பது. 1966-ல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் இரண்டு நோயாளிகளிடம் இதைச் செய்து பார்த்து எழுதினார். செவிலியர்கள் கூடவே இருந்து சடங்குகளைத் தடுத்தார்கள். அதுவரை இந்த நோய் எளிதில் கேட்காது என்றுதான் மருத்துவர்கள் நினைத்திருந்தார்கள். இன்று மருந்துக்கு இணையாக இது பரிந்துரைக்கப்படுகிறது.

நாங்கள் ஒரு பட்டியல் போட்டோம். பயத்துக்கு பூஜ்யத்திலிருந்து நூறு வரை மதிப்பெண். அரிவாள்மணை என்ற சொல்லை எழுதுவது 30. அதைப் பரணிலிருந்து இறக்கிச் சமையலறையில் வைப்பது 50. பாப்பா வேறு அறையில் இருக்கும்போது காய் நறுக்குவது 65. அவள் கண்ணெதிரில் பாயில் படுத்திருக்க, வீட்டில் வேறு யாரும் இல்லாமல் நறுக்குவது 100. குறைந்ததிலிருந்து தொடங்கி ஏற வேண்டும். ஒவ்வொன்றையும் பயம் தானாக இறங்கும்வரை, அல்லது இறங்காவிட்டாலும் நம்மால் தாங்க முடிகிறது என்று தெரியும்வரை செய்ய வேண்டும். நடுவில் முருகா கூடாது.

இந்த முருகா விஷயத்தில்தான் நான் அதிகம் சண்டை போட்டேன். சாமி பெயரைச் சொல்லாதே என்று எப்படிச் சொல்லலாம் என்று கேட்டேன். மேடம் நிதானமாகச் சொன்னார். "காலைல விளக்கேத்திக் கும்பிடுங்க. கோயிலுக்குப் போங்க. அது உங்க பக்தி. ஆனா எண்ணத்தை அழிக்கறதுக்காக எண்ணி எண்ணி ஆறு தடவை சொல்றது பக்தி இல்லையே, அது பயம்தானே?" அன்று வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். அந்த ஆறில் ஒரு முறைகூட முருகன் என் மனசில் வந்ததில்லை. எண்ணிக்கைதான் இருந்தது.

பாயில் பாப்பாவைப் போட்டுக்கொண்டு நறுக்கிய அந்த மதியம் கத்தரிக்காய். முதல் காயில் கை வியர்த்துக் காம்பு வழுக்கியது. 90 இருக்கும். எண்ணம் வந்தது, காட்சியும் வந்தது. எனக்குச் சொல்லிக்கொடுத்தபடி, 'சரி, வந்திருக்கு, இருக்கட்டும்' என்று விட்டுவிட்டு அடுத்த துண்டு போட்டேன். பாப்பா தன் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏதோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாவது காயில் ஒரு சொத்தை இருந்தது. அதைச் சுற்றி வெட்டி எறிவதில் கவனம் போய்விட்டது. நிமிர்ந்தபோது பயம் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. நான் எதுவும் செய்யாமலே இறங்கியிருந்தது.

இதற்குள் கணவருக்கும் தனியாகப் பயிற்சி நடந்தது. அவர் அன்பாகச் சொன்ன "நீ அப்படிச் செய்ய மாட்டே" என்ற பதிலும் வட்டத்தில் ஒரு கண்ணி என்று புரிந்தபோது அவருக்கு வருத்தமாகிவிட்டது. எந்தக் கணவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார். அதற்குப் பிறகு நான் கேட்டால், "இது ஓசிடி கேக்கற கேள்வி. இதுக்கு நான் பதில் சொல்லப் போறதில்லை. ஆனா உன் பக்கத்துல உக்காந்திருக்கேன்" என்பார். ஆரம்பத்தில் கோபத்தில் கத்தினேன். அம்மாதான் ரொம்பக் கஷ்டப்பட்டார். "புள்ள அழுவுது, ஒரு வார்த்தை சொன்னா என்ன?" என்று மாப்பிள்ளையிடமே கேட்டுவிட்டார். அவரையும் ஒருநாள் மேடத்திடம் கூட்டிப்போனோம். குடும்பத்தில் ஒருவர் மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாலும் போதும், சிகிச்சை இழுத்துக்கொண்டே போகும். அதனால் வீட்டில் உள்ள எல்லோரும் குறைந்தது ஒரு முறையாவது சிகிச்சையாளரைப் பார்ப்பது நல்லது.

மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்குச் செர்ட்ராலின் கொடுத்தார்கள். பாலூட்டும் தாய்மார்களுக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது அதுதான், ஆனால் மருத்துவர் பார்த்துத்தான் தர வேண்டும். இந்த நோயில் மருந்து முழுதாக வேலை செய்ய எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம்கூட ஆகலாம். மனச்சோர்வுக்குத் தருவதைவிடக் கூடுதல் அளவு தேவைப்படுவதும் உண்டு. கேட்கவில்லை என்று பாதியில் விட்டுவிடாதீர்கள், நீங்களாக நிறுத்தவும் செய்யாதீர்கள். மூளையில் செய்தி கடத்தும் செரோட்டோனின் என்ற வேதிப்பொருளோடு தொடர்புள்ள மருந்து கேட்கிறது என்பதாலேயே செரோட்டோனின் குறைவுதான் காரணம் என்று ஆகிவிடாது என்றும் மருத்துவர் விளக்கினார். உடலா மனமா என்ற பட்டிமன்றத்தை அந்த அறையில் யாரும் நடத்தவில்லை. மருந்து பயத்தின் உச்சத்தைக் கொஞ்சம் தணித்தது, அந்த இடைவெளியில் என்னால் பயிற்சி செய்ய முடிந்தது.

இதைப் படிக்கிறவர்கள் ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பிரசவத்துக்குப் பின் வரும் சைக்கோசிஸ் என்பது வேறு. ஆயிரம் பிரசவத்தில் ஒன்று இரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வரும். தூங்காவிட்டாலும் களைப்பே தெரியாது, பேச்சு குழறும் அல்லது தொடர்பில்லாமல் போகும், இல்லாத குரல் கேட்கும், குழந்தையிடம் ஏதோ தெய்வமோ பேயோ இருக்கிறது என்று உறுதியாக நம்புவார்கள். எனக்கு வந்த எண்ணத்தைக் கண்டு நானே நடுங்கினேன், அதிலிருந்து ஓடினேன். அங்கே பெரும்பாலும் அந்த நடுக்கம் இருக்காது. அது அவசர நிலை, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பிரசவத்துக்குப் பின் வரும் இப்படிப்பட்ட கடும் மனநோய்களைத் தாயும் சேயும் பிரியாமல் வைத்துப் பார்க்கவென்றே பெங்களூரு நிம்ஹான்ஸில் 2009 முதல் தனிப் பிரிவு இயங்குகிறது. இரண்டில் எது என்று வீட்டிலேயே முடிவுகட்ட முயலாதீர்கள். அந்த வித்தியாசம் பார்ப்பதற்குத்தான் மனநல மருத்துவர் இருக்கிறார்.

டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பலருக்கும் தடை. "பயமா இருக்கு", "தூக்கம் வரலை" என்று சொன்னால் தூக்க மாத்திரையோடு திரும்பி வருவோம். எனக்குப் பலன் கொடுத்த விதம் இது: எண்ணத்தை ஒரு தாளில் உள்ளபடியே எழுதி, 'இது எனக்கு வேண்டாத எண்ணம், வந்தால் நடுங்குகிறேன், தடுக்க இதையெல்லாம் செய்கிறேன்' என்று சடங்குகளையும் வரிசையாக எழுதிக் கையில் கொடுப்பது. வாயால் சொல்ல வராததைத் தாள் சொல்லிவிடும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. நேரில் போக முடியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. உளவியலாளரைத் தேடும்போது "ஓசிடிக்கு ஈஆர்பி செய்வீங்களா?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால், மாதக்கணக்கில் பேசிக்கொண்டே இருந்தும் கத்தியைக் கையில் எடுக்கச் சொல்லாத சிகிச்சையில் நேரம் போய்விடும்.

இப்போதும் எண்ணங்கள் வருவதுண்டு. மொட்டைமாடியில் நிற்கும்போது, பேருந்து வரும் சத்தம் கேட்கும்போது. சில நாள் ஒரு போன் செய்து கேட்டுவிடலாமா என்று கை துறுதுறுக்கும். கேட்பதில்லை. சித்தப்பா மகன் இப்போது ஆலோசகராக இருக்கிறான். இதையெல்லாம் அவனிடம் விவரமாகப் பேசினேன். பிரசவமான பெண்கள் யார் வந்தாலும், "வேண்டாத எண்ணம் ஏதாவது வந்து பயமுறுத்துதா? நிறையத் தாய்மார்களுக்கு வரும்" என்று அவனே முதலில் கேட்டுவிடுகிறானாம். அந்த ஒரு கேள்வியைக் கேட்காமலே என்னை எத்தனை பேர் பார்த்துவிட்டுப் போனார்கள்! மகப்பேறு மருத்துவர்களும், வீடு வீடாக வரும் கிராம சுகாதாரச் செவிலியர்களும் இதைக் கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

இப்போது இரண்டாவது குழந்தைக்குத் தயாராகிறோம். ஒரு முறை வந்தவர்களுக்கு அடுத்த பிரசவத்திலும் திரும்ப வரும் வாய்ப்பு உண்டு என்பதால், மனநல மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி மருந்தை எப்படித் தொடர்வது என்று முடிவு செய்தாயிற்று. பிரசவம் பார்க்கும் டாக்டருக்கும் கடிதம் போயிருக்கிறது. முதல் மாதத்தில் ராத்திரி ஒரு வேளைப் பாலைக் கணவர் புட்டியில் கொடுப்பார், நான் நடுவில் எழாமல் ஒரு நீட்டுத் தூங்க வேண்டும். பாப்பாவைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவது இந்த முறை முதல் நாளிலிருந்தே நான்தான் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "முதுகு வலிக்கும்டி" என்றார். வலிக்கட்டும் என்றேன்.